இரண்டு படி தவிடு

பிள்ளைகளைச் சீண்டுவதற்கு நம்மவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். அழுகிற வரைக்கும் விடமாட்டார்கள். அழுததும் தூக்கி முத்தம் கொடுத்து, சும்மா சொன்னேன் என்று முடித்துவிடுவார்கள். என் வீட்டில் அந்தப் பேச்சு கூடாது. பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் தெரியாமல் என் மகனிடம் சொல்லிவிட்டாள். கையிலிருந்த கரண்டியை வீசினேன். அவள் மேல் படவில்லை, சுவரில் பட்டது. படவேண்டும் என்றுதான் வீசினேன், பொய் சொல்வானேன்.

என்னை நிஜமாகவே தவிட்டுக்கு விற்றார்கள். ஒரு படித் தவிடு.

மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேக் கூலிகளுக்குக் கட்டிவிட்ட லயத்தில் நான் பிறந்தேன். ஒரே நீளக் கட்டடம், பத்துப் பன்னிரண்டு கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். அப்பா தண்டவாளத்தில் கட்டை மாற்றுகிற கூலி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று மூன்று மாதத்தில் போனது, இன்னொன்று பத்தாம் நாளே போனது. இப்படி அடுத்தடுத்துப் பறிகொடுத்த தாய் மூன்றாவது பிள்ளையை வேறொருத்திக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எமன் வாசலுக்கு வந்து, இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று ஏமாந்து திரும்பிவிடுவானாம். எமனை இவ்வளவு அசடாக நினைத்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

வாங்கியவள் நான்கு கதவு தள்ளி இருந்த மண்டோரின் பெண்சாதி. மண்டோர் என்றால் கூலிகளை மேய்க்கிற தலையாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, இரண்டு மாடு இருந்தது. நான் பிறந்த மூன்றாம் நாள் அம்மா என்னை முறத்தில் கிடத்திப் பின்வாசல் வழியாக நீட்டினாள். அந்த அம்மாள் மாட்டுக்கு வைத்திருந்த சாக்கிலிருந்து ஒரு படித் தவிட்டை அம்மாவின் மடியில் கொட்டிவிட்டு முறத்தை வாங்கிக்கொண்டாள். அப்படியே சுற்றி முன்வாசலுக்கு வந்து, "இது எங்க வீட்டுப் பிள்ளை, கொஞ்ச நாளு பாலு குடுத்து வளத்துக் குடு" என்று சொல்லித் திரும்பக் கொடுத்தாள். அன்றிலிருந்து நான் அவளைப் பெரியம்மா என்று கூப்பிட்டேன்.

இதில் இன்னொரு பாதி உண்டு. கண்டம் தாண்டி, பிள்ளை நிற்கும் என்று தெரிந்ததும், விற்றவள் அதே அளவு தவிட்டைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுத்துப் பிள்ளையை மீட்கவேண்டும். வருஷம் நிறைகிற அன்று செய்வார்கள். தப்பினால் காது குத்துகிற அன்று செய்வார்கள். அதோடு பிள்ளை பெற்றவளுக்கே சொந்தம்.

என் அம்மா மீட்கவில்லை. எனக்கு ஒரு வயது ஆனபோது பெரிய தம்பி வயிற்றில் இருந்தான். இந்த நேரத்தில் எதற்கு வம்பு என்று தள்ளிப்போட்டாள். அவன் பிழைத்தான். பிறகு சின்னவன் வந்தான், அவனும் பிழைத்தான். மூன்று பிள்ளைகள் வரிசையாக நின்றுவிட்டதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பலித்துக்கொண்டிருக்கிற காரியத்தைக் கலைக்கக்கூடாது என்றாள். அப்பா மட்டும் எப்போதாவது, "ஒரு படித் தவிடுதானே, குடுத்துத் தொலையேன்" என்பார். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளமாட்டாள்.

மீட்காத பிள்ளையாக ஒரு வீட்டில் இருப்பது எப்படி என்று சொல்கிறேன். அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அது" என்றுதான் சொல்லுவாள். "அதுக்குச் சோறு வெச்சாச்சு." "அது எங்க போச்சு?" யாராவது என்னைப் பார்த்து, பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டாளே என்றால், "நமக்கென்ன, அது அவங்க பிள்ளை" என்று மண்டோர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டுவாள். எமன் காதில் விழுவதற்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். லயத்தில் எல்லோருக்கும் தெரியும். தீபாவளிக்கு எனக்குத் துணி பெரியம்மா வீட்டிலிருந்துதான் வரவேண்டும். எண்ணெய் தேய்த்து விடுவதும் அவள்தான். காது குத்தியபோது மண்டோர் மடியில் உட்கார்ந்தேன். அவர் வேட்டியில் சுருட்டு நாற்றம் அடித்தது. அம்மா வாசலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நடிப்பு, நடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நடிப்பு முடிகிற நேரம் ஒன்று இருக்கும் அல்லவா? வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம், நான் தூங்குகிற நேரம். அதற்காகக் காத்திருந்தேன். ஏழு வயதில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தாவது அம்மா பக்கத்தில் வந்து நெற்றியைத் தொடுவாளா என்று பார்த்தேன். அவள் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் வெளியே நின்று, "அக்கா, ஒங்க பிள்ளைக்குக் காய்ச்சலு" என்று கத்தினாள். எமனுக்காகச் சொன்னாளா, அக்காவுக்காகச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. நடிப்பு எந்த இடத்தில் நிஜமாகிப் போனது என்று அவளுக்கே தெரிந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

பெரியம்மா நல்லவள் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆறு வயதிலிருந்து அவள் வீட்டுச் சாணி என் வேலை. காலையில் சாணி அள்ளி, தொழுவம் கழுவி, கணக்கெழுதுகிற கிராணிமார் வீடுகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரவேண்டும். பால் தளும்பினால் அடி. தாமதமானால் அடி. ஒருமுறை கன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பாலைக் குடித்துவிட்டது. மாட்டைக் கட்டுகிற கயிற்றாலேயே என் முதுகில் போட்டாள். நான் அம்மாவிடம் ஓடி வந்தேன். அம்மா என் முதுகைப் பார்த்துவிட்டு, "அவங்க பிள்ளைய அவங்க அடிக்கிறாங்க" என்றாள். தம்பிகள் இரண்டு பேரையும் யாரும் சாணிப் பக்கம் அனுப்பியதில்லை. அவர்கள்தான் வீட்டுப் பிள்ளைகள்.

எனக்குப் பத்து வயதாகும்போது ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆளை நிறுத்தினார்கள், ஈயச் சுரங்கத்தில் நிறுத்தினார்கள், பிறகு ரயில்வேயிலும் நிறுத்தினார்கள். எந்தெந்தக் கூலியை நிறுத்தலாம் என்று பெயர் சொன்னவர் மண்டோர். அப்பா பெயரையும் சொன்னார். என்னைத் தன் மடியில் வைத்துக் காது குத்தவிட்ட மனிதர்தான். அப்பா இரண்டு மாதம் பாசார்ச் சந்தையில் மூட்டை தூக்கப் போனார், பாதி நாள் வெறுங்கையோடு வந்தார். மழைக்காலத்தில் குளிர்காய்ச்சல் கண்டு ஒன்பதே நாளில் செத்துப்போனார். வேலை போனவனுக்கே லயத்தில் இடமில்லை, செத்தவன் பெண்சாதிக்கு எங்கே இருக்கப்போகிறது? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களில் வேலையில்லாதவர்களைச் சர்க்கார் செலவிலேயே கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கிராணி ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு லயம் லயமாக வந்து பெயர் எழுதினார். எங்கள் லயத்துக்கு அவர் வந்தபோது நான் பால் கொடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா பாத்திரங்களைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம். சாணியும் அடியும் தொலைந்தது என்று நினைத்தேன்.

"நாம கப்பல்ல போறோமா?" என்றேன்.

"தம்பிங்களும் நானும் போறோம்."

"நான்?"

"ஒன்ன மீக்கலையே" என்றாள் அம்மா. ஒரு செம்பைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். "மீக்காத பிள்ளையக் கடல்ல எப்படிக் கூட்டிப் போறது? நடுக்கடல்ல ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? தூக்கித் தண்ணியில போட்டுருவாங்க."

"மீட்டா கூட்டிப் போவியா?"

அவள் செம்பைச் சாக்கில் போட்டாள். பிறகு, "மீட்டா கூட்டிப் போறேன். தவுடு எங்க இருக்கு?" என்றாள்.

கப்பலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது, அதுவரை லயத்தில் இருக்க விட்டிருந்தார்கள். நான் நேராகப் பெரியம்மாவிடம் போனேன். அவள் மாட்டுக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"தவுடு கொண்டாந்து குடுத்தா என்னை விட்டுடுவீங்களா, பெரியம்மா?"

அவள் நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ போயிட்டா சாணிய யாரு அள்றது?" என்றாள். பிறகு, "வித்தவ வந்து கையால குடுத்தா வாங்கித்தான் ஆகணும். அது மொறை. நீ கொண்டாந்து குடுத்தா செல்லாது, ஒங்கம்மா குடுக்கணும். எஞ்சாக்குலேருந்து அள்ளி எங்கிட்டயே நீட்டலாம்னு மட்டும் பாக்காத, கைய ஒடிச்சுருவேன்" என்றாள்.

அப்போது லயத்தில் சோற்றுக்கே திண்டாட்டம். தவிட்டுக்கு எங்கே போவது? மாட்டுத் தவிடு கொண்டுவருகிற வண்டிக்காரரைக் கேட்டேன். சாலாக் செலாத்தான் பக்கம் சீனர்கள் பன்றி வளர்க்கிறார்கள், அங்கே மூட்டை மூட்டையாக இருக்கும் என்றார். எனக்கு வழி கேட்கவேண்டிய அவசியமே இல்லை. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போய்விடலாம். அந்தக் கட்டைகளில் பாதியை என் அப்பா மாற்றியிருக்கிறார்.

காலைப் பால் வேலை முடிந்ததும் நடப்பேன். ரயில் வந்தால் இறங்கிச் சரளைக்கல் ஓரத்தில் நிற்பேன். பன்றிக் கொட்டகைக்கு ஒரு சீனப் பெண்மணி சொந்தக்காரி. எனக்குத் தெரிந்த நாலு மலாய் வார்த்தையில் தவிடு வேண்டும் என்று சொன்னேன். தவிட்டுக்கு மலாயில் டெடாக். பணம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றதும், ஐந்து நாள் வேலைக்கு ஒரு படி என்று விரலைக் காட்டிச் சொல்லி, ஒரு கத்தியை என் கையில் கொடுத்துச் சேம்புத் தண்டுக் குவியலைக் காட்டினாள். பன்றிக்கு அவிப்பதற்காக அதைத் துண்டு போடவேண்டும். சேம்புப் பால் பட்டால் அரிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. முதல் நாள் சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் முழங்கை வரை தடித்துவிட்டது. சொறிந்துகொண்டே வீட்டுக்கு நடந்தேன். அம்மா என் கையைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை.

ஐந்து நாள் தண்டு நறுக்கினேன், தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன், கொட்டகை கழுவினேன். குட்டி போட்ட பன்றி ஒன்று என்னைச் சேற்றில் தள்ளியது. அந்தச் சீனப் பெண்மணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்காக நான் அழவில்லை. வேலை சுணங்கினால் கட்டைவிரலால் நடுவிரலைச் சுண்டி என் நெற்றியில் ஒன்று விடுவாள். அது கயிற்றடியைவிட வலிக்கும். ஆனால் ஐந்தாம் நாள் சொன்னபடி ஒரு படி நிறைய, தலை தட்டாமல் கோபுரமாக அளந்து கொட்டினாள். இந்தக் கதையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவள்தான்.

துணியில் முடிந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். வழியில் மூன்று முறை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அம்மா அவிழ்த்து, கொஞ்சம் கிள்ளி, விரலில் தேய்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நல்ல தவுடுதான்" என்றாள். "ஆனா பத்து வருசம் ஆச்சே. ஒரு படி வாங்கினதுக்கு ஒரு படியே குடுத்தா அவங்க என்ன நெனைப்பாங்க? இன்னும் ஒரு படி கொண்டா."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பத்து வருஷம் வளர்ந்திருக்கிறேன், விலை ஏறியிருக்கும். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் படிக்கு எட்டு நாள் ஆனது. கையில் புண் வைத்து, கத்தி பிடிக்க முடியவில்லை. தண்ணீர் மட்டும் தூக்கினேன். அந்த நாட்களில் வீட்டில் நான் என்ன செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் மட்டும் பாவம் என்று ஆகிவிடும். சின்னத் தம்பிக்கு அப்போது ஐந்து வயது. கப்பல் எப்படி இருக்கும் என்று என்னைத்தான் கேட்பான். கப்பலில் கனம் அதிகமாகிவிட்டால் சின்னப் பிள்ளைகளாகப் பார்த்துக் கடலில் போடுவார்கள் என்று சொன்னேன். காலைப் பிடித்துத் தலைகீழாகப் போடுவார்கள் என்றேன். மீன் முதலில் கண்ணைத் தின்னும் என்றேன். அவன் சோறு இறங்காமல் அழுதான். படுக்கையை நனைத்தான். அதற்கு அம்மாவிடம் அடி வாங்கினான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்கு இதமாக இருந்தது. அவன் பயந்துபோய் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் அவன் இடம் எனக்குக் கிடைக்குமே என்று ஒரு கணக்கும் போட்டேன்.

இரண்டாம் படியும் வந்துசேர்ந்தது. அம்மா இரண்டையும் ஒரு பானையில் கொட்டி, துணியால் வாய் கட்டி, எலி எட்டாதபடி மேலே தொங்கவிட்டாள்.

"எப்பக் குடுக்கப் போற?"

"நாள் பாக்க வேணாமா?"

வெள்ளிக்கிழமை வந்தது. பெரியம்மா வீட்டில் யாருக்கோ தீட்டு என்றாள். அடுத்த வெள்ளி வந்தது. அமாவாசை கழியட்டும் என்றாள். நான் தினமும் சாணி அள்ளிவிட்டு வந்து பானையைப் பார்ப்பேன். தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை கழுவுவேன். அம்மா என் துணி எதையும் சாக்கில் வைக்கவில்லை. மீட்ட பிறகு வைப்பாள் என்று நினைத்துக்கொண்டு, என் இரண்டு பாவாடையையும் நானே துவைத்து மடித்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கதவோரம் வைத்தேன்.

கப்பலுக்கு முதல் நாள் மத்தியானம். தொழுவத்தில் இருந்தேன். லயம் முழுக்க வறுபடுகிற வாசனை அடித்தது. பசியாக இருக்கிற வயிற்றுக்கு அது என்ன வாசனை என்று சட்டென்று தெரிந்துவிடும். சாணிக் கையோடு வீட்டுக்கு ஓடினேன். பானை தரையில் இருந்தது. துணி அவிழ்ந்து கிடந்தது. அம்மா சட்டியில் தவிட்டை வறுத்து இறக்கி, மிச்சத்தை வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடை தட்டுவதற்கு வாழையிலை நறுக்கி வைத்திருந்தது. தம்பிகள் இருவரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, அது என் தவுடு" என்றேன்.

"கப்பல்ல ஏழு நாளு. அங்க போடுற சோத்த நம்பி இருக்க முடியாது. இதுங்க பசி தாங்காது."

"என்னை மீக்கணுமே."

அவள் கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள். "நீ பால் வீட்டுல இருக்கப் போறவ" என்றாள். "ஒனக்கு என்ன பசி வரப்போகுது?"

நான் அடுப்பைக் காலால் உதைத்தேன். சட்டி சாய்ந்தது, கொட்டவில்லை. அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். என் நினைவில் அவள் கை என் முகத்தில் பட்டது அதுதான் முதல் தடவை. அடித்த கையைப் பார்த்துவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்து கிளறத் தொடங்கினாள். தீய்ந்துவிடக்கூடாதே.

பெரியம்மாவிடம் ஓடினேன். தவிட்டை அம்மா அடை தட்டுகிறாள் என்று அழுதேன். வறுக்காத தவிடு பானையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு பிடி வாங்கிக்கொண்டாலும் போதும் என்று கெஞ்சினேன். அவள் பால் கறப்பதை நிறுத்தவில்லை.

"கிராணி பேரு எழுத வந்தன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன்" என்றாள். "எத்தன பிள்ளைன்னு கேட்டாரு. ரெண்டுன்னா. நான்தான் சொன்னேன், அடியே, தவுடெல்லாம் வேணாம், வெறும் மொறத்த நீட்டு, கூட்டிட்டுப் போன்னு. அதுக்கு ஒங்கம்மா, இதையும் சேத்துக் கூட்டிட்டுப் போனா ஊர்ல கொழுந்தன் மூணு பிள்ளைங்க வயித்துக்குச் சோறு போடமாட்டான், அதுவும் பொட்டப்பிள்ளைன்னா வாசல்லயே நிறுத்திருவான்னா. இங்கயே கெடக்கட்டும்னா."

"அப்ப என்னைய எதுக்குச் சாலாக்குக்கு அனுப்பினாங்க?"

"அத அவளப் போய்க் கேளு. எங்கிட்ட ஏன் கேக்குற? தள்ளி நில்லு, மாடு மெரளுது."

நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. பெரியம்மா பொய் சொல்லியிருக்கலாம் அல்லவா? சாணி அள்ள ஆள் வேண்டுமே அவளுக்கு. கேட்காமல் இருந்தால், நாளைக்குக் காலையில் அம்மா என் கையைப் பிடித்து ரயிலில் ஏற்றிவிடவும் கூடும். அந்த ஒரு ராத்திரி முழுக்க அப்படி நம்பிக்கொண்டு படுத்திருந்தேன். பிள்ளைகளுக்கு நம்பிக்கை சுலபத்தில் சாவதில்லை, அதுதான் அவர்களைப் பிடித்த கேடு.

காலையில் ஸ்டேஷனுக்கு எல்லோரும் நடந்தோம். கிள்ளான் வழியாகத் துறைமுகம் போகிற ரயில். நானும் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பெரியம்மாவும் கூட வந்தாள், வழியனுப்ப என்று சொல்லிக்கொண்டு. நான் ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வந்தாள் என்று எனக்குத் தெரியும். பிளாட்பாரத்தில் எங்கள் மாதிரி எத்தனையோ குடும்பங்கள், சாக்கும் தகரப்பெட்டியுமாக. அதே கிராணி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பமாகத் தலை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது. நான் தம்பிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவனும் இறுக்கிப் பிடித்தான். கடலில் போடுவார்கள் என்று பயமுறுத்தியவள் நான்தான், ஆனாலும் அவனுக்குப் பயம் வந்தால் பிடிக்க என் கைதான் இருந்தது.

கிராணி பென்சிலால் எண்ணினார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார். "ஒரு பொம்பள, ரெண்டு ஆம்பளப் பிள்ளைன்னுதானே எழுதியிருக்கு. இது யாரும்மா?" என்று பென்சிலை என் பக்கம் நீட்டினார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு கையில் சாக்கு, இன்னொரு கையில் அடை கட்டிய துணி. சாக்கைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மா நின்ற பக்கம் கையைக் காட்டினாள்.

"அது அவங்க பிள்ளை" என்றாள்.

பத்து வருஷமாக எமனிடம் சொன்ன அதே வார்த்தை. அதே குரல். கையைக் காட்டியதும் அதே மாதிரிதான். கிராணி தலையாட்டிவிட்டு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பெரியம்மா வந்து என் தோளைப் பிடித்தாள். சின்னவன் கையை நான் விடவில்லை. அம்மா வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவளுடைய விரல் என் புண் மேல் பட்டது. பட்டதும் ஒரு கணம் நின்றது. பிறகு பிரித்துவிட்டாள்.

ரயிலில் ஏறியதும் சின்னவன் ஜன்னலில் தலையை நீட்டி, "அக்கா, நீ வரலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அம்மா துணியை அவிழ்த்து ஓர் அடையை எடுத்து அவன் வாயில் திணித்தாள். பெரியவனுக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே நீட்டினாள். யாருக்கு என்று சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. வண்டி நகரத் தொடங்கியது. பெரியம்மா, "குடுக்கிறா, வாங்கிக்கோ" என்று என்னை முன்னால் தள்ளினாள். வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வருகிற வழியில் பெரியம்மா, மாட்டுக்குத் தண்ணீர் காட்டவேண்டும், சீக்கிரம் நட என்றாள். அன்றைக்கு என்னை அடிக்கவில்லை. மறுநாள் அடித்தாள்.

ஊரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. சௌக்கியமா என்று கேட்டிருந்தது. நான் பதில் போடவில்லை. கஷ்டப்பட்டவர்களிடம், அந்தக் கஷ்டம் உங்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது ஒரு மண்ணும் கற்றுக்கொடுக்கவில்லை. பன்றிக் கொட்டகையில் ஒரு படித் தவிட்டுக்கு ஐந்து நாள் உழைக்கவேண்டும் என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பிய அன்று, அந்த அடையைச் சாணிக் குவியலில் எறிந்துவிடவேண்டும் என்றுதான் தொழுவத்துக்குக் கொண்டுபோனேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை. எறிவதற்கு முன் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தேன். தவிடு கசக்கும், கொண்டுவருகிற வழியில் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கசந்தால் துப்பிவிட்டு, அவளையும் அதோடு துப்பிவிடலாம் என்று நினைத்தேன். அவள் வெல்லம் போட்டிருந்தாள். பொங்கலுக்கு என்று டப்பாவில் ஒளித்து வைத்திருந்த கடைசி வெல்லம், கொஞ்சம் தேங்காயும் துருவிப் போட்டிருந்தாள். தம்பிகளுக்காகப் போட்டது எனக்கும் வந்துவிட்டதா, இல்லை எனக்கும் சேர்த்துத்தான் போட்டாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சாணிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முழுவதையும் தின்றேன். இலையில் ஒட்டியிருந்ததையும் நக்கினேன். இன்னும் ஒன்று கொடுத்திருக்கலாமே என்று இருந்தது.